பூட்டை இழுத்துப் பார்க்கிற கை

அவருக்கு வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் வேலை பார்த்த பெயிண்ட் கம்பெனியில் எல்லாரும் அவரை ‘ரவுண்டு’ என்றுதான் கூப்பிட்டார்கள். வாட்ச்மேன் வேலை. கேட்டில் நாற்காலி போட்டு உட்காருகிற வாட்ச்மேன் இல்லை, குடோன் குடோனாகச் சுற்றி வருகிற வாட்ச்மேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஷட்டரின் பூட்டைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, பூட்டியிருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அது பூட்டியிருக்கவில்லை, சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் மேனேஜர் அத்தனை பேர் முன்னாலும் அவரை நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். அன்றிலிருந்து எந்தப் பூட்டைக் கடந்தாலும் கையை நீட்டி ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார். வேலையை விட்டு ஓய்வு பெற்றார். கை மட்டும் ஓய்வு பெறவில்லை. அது அவருக்கே தெரியாது. அதுதான் பின்னால் வந்த எல்லா வினைக்கும் காரணம்.

மனைவி போன பிறகு மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மகள் மருந்துக் கடையில் வேலை. தனியாக வாழ்கிறவள். லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் மூன்றாவது மாடி, அதற்கு மேல் மொட்டை மாடிதான். வந்த வருஷமே குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு உடைந்தது. உள்ளே இரும்புத் தகடு வைத்துத் தைத்தார்கள்.

டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். “பெரியவரே, தினமும் நடக்கணும். படி ஏறி இறங்கணும். வலிக்குதுன்னு உட்கார்ந்துட்டீங்கன்னா முட்டி இறுகிப் போயிடும். அப்புறம் என்கிட்ட வந்து பிரயோஜனம் இல்ல.”

ரவுண்டுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவரோடு கேட்டில் வேலை பார்த்தவர் ஒருவர் இப்படித்தான் விழுந்து, இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு நடக்கலாம் என்று உட்கார்ந்தார். பிறகு படுத்தார். கடைசியில் அவரைப் புரட்டிப் போட மருமகள் ஆள் தேட வேண்டியிருந்தது. ரவுண்டு போய்ப் பார்த்தபோது அந்த மனிதர் வெட்கத்தில் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த முதுகு ரவுண்டின் கண்ணைவிட்டுப் போகவே இல்லை. கடவுளே, என்னை எடுத்துக்கோ, ஆனால் படுக்க மட்டும் வைத்துவிடாதே என்று தினமும் வேண்டிக்கொண்டு நடந்தார். தெருக்கோடி வரை நடப்பார், பூங்காவைச் சுற்றுவார், திரும்பி வருவார்.

அப்போதுதான் நோய் வந்தது, ஊரடங்கு வந்தது. தெருவில் கால் வைத்தால் போலீஸ் விரட்டியது. பூங்காவின் கேட்டில் சங்கிலி விழுந்தது.

ரவுண்டு மாடிப்படிக்கு மாறினார். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு கீழே இறங்குவார், ஒவ்வொரு மாடியின் நடையிலும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போவார், மேலே ஏறுவார். யாரோடும் பேச்சில்லை.

முதலில் சத்தம் போட்டது இரண்டாவது மாடித் தையல்காரம்மாள். ரவுண்டு வீட்டுக்கு நேர் கீழ் வீடு. அறுபதை ஒட்டிய வயது, கால் இரண்டும் எப்போதும் வீங்கியிருக்கும், வாய் மட்டும் வீங்காமலே பெரியது.

“யாரது கதவை ஆட்டறது?” என்று உள்ளிருந்து கத்தினாள்.

“நான் நடந்து போறேம்மா.”

“நடந்தா நடங்க. என் கதவை ஏன் இழுக்கறீங்க?”

“உன் கதவை நான் எதுக்கு இழுக்கறேன்? உள்ள என்ன புதையலா இருக்கு?”

அதோடு முடிந்திருக்கும். ஆனால் முதல் மாடியில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்து, வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து கட்டடமே மாறிப் போனது. கதவிடுக்கில் கண்கள் முளைத்தன. காய்கறிப் பையைக்கூட கொம்பால் தள்ளி வாங்கினார்கள். ஒவ்வொரு வீட்டுக் கைப்பிடியையும் தொட்டுக்கொண்டே ஒரு கிழவர் சுற்றுகிறார், அவர் மகளோ நோயாளிகள் வந்து போகிற மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள் என்ற பேச்சு மாடிக்கு மாடி ஏறி இறங்கியது. அவர்களையும் சொல்லிக் குற்றமில்லை. பயந்தவர்களுக்குப் பழி போட யாராவது ஒருவர் வேண்டியிருந்தது.

செக்ரட்டரி வந்தார். கட்டடத்துச் சங்கத்தின் செக்ரட்டரி, ஒரு ஆபீசில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தரைத்தளத்தில் வீடு. மொட்டை மாடிச் சாவி அவரிடம்தான் இருக்கும். மொட்டை மாடியில் யாரும் கூடக் கூடாது என்று தாளில் எழுதி ஒட்டி, கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டிருந்தார். கையில் கிருமிநாசினி பாட்டில். ரவுண்டைப் பார்த்ததும் அவருக்கும் தனக்கும் நடுவில் காற்றிலேயே இரண்டு தடவை பீய்ச்சினார்.

“பெரியவரே, உங்க மேல புகார் வந்திருக்கு. வீட்டுக்குள்ளயே இருங்க.”

“யாருக்கு யாரு பெரியவரு? உனக்கு என்ன வயசு? உன் தலையிலதான் ஒரு முடி இல்ல, நீ என்னைப் பெரியவரேங்கற.”

“மரியாதையா பேசுங்க.”

“கை காலை வெச்சுக்கிட்டுச் சும்மா நடக்கறவனைத் திருடன் மாதிரி நிறுத்தி வெச்சுட்டு மரியாதை கேக்கறியா? கடவுள் மேல ஆணையா சொல்றேன், நான் எந்தக் கதவையும் தொடல. தொட்டிருந்தா என் கை விளங்காமப் போகட்டும்.”

உண்மை என்று நம்பித்தான் சொன்னார். பொய் என்று தெரிந்து கடவுளை இழுக்கிற ஆள் இல்லை அவர்.

மறுநாளும் நடந்தார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். ஏறி மூன்றாவது மாடிக்கு வந்தபோது பின்னாலேயே தையல்காரம்மாளின் குரல் வந்தது. “எல்லாரும் வெளிய வாங்க! செக்ரட்டரி சார், மேல வாங்க!” கதவுகள் திறந்தன. துணி கட்டிய முகங்கள் படியில் மேலும் கீழுமாக எட்டி நின்றன. ரவுண்டின் மகளும் வேலைக்குக் கிளம்பின கோலத்தில் வாசலில் வந்து நின்றாள்.

“பெரியவரே, கையைக் காட்டுங்க,” என்றாள் தையல்காரம்மாள்.

“இந்தா பாத்துக்கோ!” ரவுண்டு வலது கையை விரித்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்தினார்.

உள்ளங்கை நீலமாக இருந்தது.

துணியில் அளவு போடுகிற நீலச் சாக்கட்டியைப் பொடித்து, தன் கதவின் கைப்பிடி முழுக்கத் தேய்த்து வைத்திருந்தாள் அந்த அம்மாள்.

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாருமே பேச ஆரம்பித்தார்கள். “சாமி மேல சத்தியம் வேற!” என்றது ஒரு குரல். “வேணும்னே பரப்பறார்,” என்றது இன்னொன்று. ரவுண்டுக்கு எதுவும் காதில் விழவில்லை. அது யாருடைய கையோ என்பது போல அதையே பார்த்துக்கொண்டு நின்றார். எப்போது நீண்டது? எப்போது இழுத்தது? எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. மகள் அவர் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

“எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சு செய்யல.”

“அதை யாரு நம்புவா அப்பா? வீட்டுக்காரர் காலையிலயே போன் பண்ணிட்டார். இன்னொரு புகார் வந்தா காலி பண்ணுன்னு சொல்லிட்டார். ஊரே அடைச்சுக் கிடக்கு. உங்களை இழுத்துக்கிட்டு நான் எங்க போவேன்?”

“அப்ப என்னை உள்ள போட்டுப் பூட்டிடு.”

ஆத்திரத்தில் சொன்ன வார்த்தை. மகளுக்கும் ஆத்திரம். “பூட்டத்தான் போறேன். செக்ரட்டரியும் அதைத்தான் சொன்னார்.”

வெளியே பூட்டு விழுகிற சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது. ரவுண்டின் கை தானாக நீண்டு உள்ளிருந்து கதவை இழுத்துப் பார்த்தது. நன்றாகத்தான் பூட்டியிருந்தாள். இந்தத் தடவை கை நீண்டதை அவர் கண்ணாலேயே பார்த்தார்.

அன்று சாயங்காலம் கடவுள் படத்தின் முன்னால் நின்று, பொய்ச் சத்தியத்தை மன்னிச்சுடு என்று கேட்டார். அதே மூச்சில், தையல்காரி வீட்டு ஊசியெல்லாம் ஒடிஞ்சு போகணும் என்றும் கேட்டார். கடவுளிடம் அப்படிக் கேட்கக் கூடாதுதான். கேட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் நடக்கவில்லை. கோபத்தில் படுத்துக்கொண்டார். ஒரு கூடம், ஒரு சமையலறை. கூடத்தில் பாதியைக் கட்டில் அடைத்துக்கொண்டிருந்தது. எங்கே நடப்பது, யாருக்காக நடப்பது? காலையில் மகள் பூட்டிக்கொண்டு போவாள், இருட்டிய பிறகு வந்து திறப்பாள். இருவருக்கும் பேச்சு, “சாப்பாடு வெச்சிருக்கு,” “சரி,” இவ்வளவுதான்.

முட்டி சும்மா இருக்குமா? முதலில் காலையில் மட்டும் இறுகியிருந்தது. பிறகு மத்தியானமும் இறுக ஆரம்பித்தது. கீழே விழுந்த துண்டை எடுக்கக் குனிய முடியவில்லை. ஒரு நாள் காலை கழிப்பறைக்குள் போனவர் எழுந்திருக்க முடியாமல் சுவரைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூப்பிடவும் மனசு வரவில்லை. கடைசியில் மகள்தான் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். ரவுண்டு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பின பிறகுதான் அது யார் திருப்பின மாதிரி திருப்பியிருக்கிறோம் என்று உறைத்தது.

அன்று சாயங்காலம்தான் அந்தச் சத்தத்தைக் கவனித்தார்.

டிவியில் செய்தி ஓடுகிற நேரம். எத்தனை பேருக்கு நோய், எத்தனை பேர் போனார்கள் என்று எல்லா வீட்டிலும் ஒரே குரல் அலறும். ரவுண்டு டிவி போடுவதில்லை. மல்லாந்து படுத்திருந்தவரின் தலைக்கு மேலே, கூரையில், தொப் தொப்பென்று ஒரு சத்தம் சமையலறைப் பக்கம் போனது. திரும்பி வாசல் பக்கம் வந்தது. மறுபடி போனது.

குதிகாலை அழுத்தி ஊன்றுகிற நடை. ஷூ போட்ட நடை. காலடியைக் கேட்டே வேலை பார்த்த மனிதருக்கு அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? தவிர, மொட்டை மாடிச் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்று கட்டடத்துக்கே தெரியும்.

“அடப்பாவி!” என்று எழுந்து உட்கார்ந்தார்.

எல்லாருக்கும் பூட்டிவிட்டுத் தான் மட்டும் காற்று வாங்குகிறார்! ரவுண்டு கட்டிலின் தலைமாட்டைப் பிடித்துத் தள்ளினார். அது கிறீச்சென்று நகர்ந்து சுவரோடு ஒட்டியது. சமையலறை ஜன்னலிலிருந்து வாசல் கதவு வரை ஒரு சந்து கிடைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி, மேலே போகிற சத்தத்தின் அடியிலேயே இவரும் போனார். முட்டிக்குள் சுத்தியலால் அடிப்பது போல இருந்தது. மேலே திரும்பினால் இவரும் திரும்பினார். அந்த ஆள் நிற்காதவரை நான் நிற்க மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். மேலே சத்தம் நின்ற பிறகும் இன்னும் ஒரு நடை நடந்துவிட்டு, “போ, போய்ப் படு,” என்று கூரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

டாக்டர் சொல்லி நடந்தபோதுகூட இப்படி நடந்ததில்லை. தினமும் செய்தி நேரத்துக்காகக் காத்திருந்தார். சத்தம் வரத் தாமதமானால், “எங்கடா போய்த் தொலைஞ்ச?” என்று முணுமுணுத்தார். அந்த மனிதருக்குக் காய்ச்சல் கீய்ச்சல் வந்துவிடக் கூடாதே என்றுகூட ஒரு நாள் கவலைப்பட்டார். அன்பினால் இல்லை, எதிராளி இல்லாமல் கால் நகராது என்பதால்தான். சுவரைப் பிடிக்காமல் நடக்க வந்தது. பிறகு காலை ஓங்கி மிதிக்கவும் வந்தது.

“கட்டிலை யாரு நகர்த்தினது?” என்று கேட்டாள் மகள்.

“நான்தான். போலீஸுக்குச் சொல்லு.”

ஓங்கி மிதித்தால் கீழ் வீட்டுக்காரி சும்மா இருப்பாளா? முதலில் துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடித்தாள். ரவுண்டு இன்னும் பலமாக மிதித்தார். ஒரு சாயங்காலம் தபதபவென்று படியேறி வந்து கதவைத் தட்டினாள்.

“யோவ் பெரியவரே! கதவைத் திற!”

“திறக்க முடியாதும்மா. வெளிய பூட்டியிருக்கு. பூட்ட வெச்சவளே வந்து கேக்கறியே.”

“கூரை இடிஞ்சு என் தலையில விழப் போகுது. ஊருக்கே முகத்துணி தைச்சுக் குடுத்துக்கிட்டிருக்கேன், நீ குதிக்கற குதியில ஊசி ஒடிஞ்சு போச்சு!”

ரவுண்டு கடவுள் படத்தைத் திரும்பிப் பார்த்தார். கடவுள் காதில் வாங்கியிருக்கிறார். “ஒரு ஊசிதானா?” என்று கேட்டார்.

“என்ன கொழுப்பு! எப்பப் பாரு ரெண்டு ஆள் ஓடற மாதிரி...”

“இரு. நல்லாக் கேளு. ரெண்டு ஆளுன்னு சொன்ன இல்ல? இப்ப நான் எங்க நிக்கறேன்?”

“கதவுக்குப் பின்னால.”

“என் கால் ஆடுதா?”

“எனக்கென்ன தெரியும், கதவு மூடியிருக்கு.”

“வாயையும் மூடு. கேளு.”

இருவரும் பேசாமல் நின்றார்கள், கதவுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். மேலே தொப் தொப்பென்று போய்த் திரும்பி வந்தது.

“பூனையா இருக்கும்,” என்றாள் தையல்காரம்மாள். குரல் இறங்கியிருந்தது.

“பூனை ஷூ போட்டுக்கிட்டா நடக்கும்?”

வீங்கிய காலை இழுத்து இழுத்து மேல்படி ஏறுகிற சத்தம் கேட்டது. ரவுண்டு காதைக் கதவோடு ஒட்டிக்கொண்டார். இரும்புக் கதவு கிறீச்சிட்டது.

“வாங்க செக்ரட்டரி சார்,” என்றாள் அவள். இனிப்பாகத்தான் சொன்னாள்.

“நான்... தண்ணி டேங்கைப் பார்க்க வந்தேம்மா.”

“டேங்கைப் பார்க்க ஷூ எதுக்கு? சட்டை ஏன் இப்படி நனைஞ்சிருக்கு, டேங்குக்குள்ள இறங்கினீங்களா?”

“கத்தாதீங்கம்மா. எனக்குச் சர்க்கரை இருக்கு. கட்டாயம் நடக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்.”

ரவுண்டால் பொறுக்க முடியவில்லை. கதவை இரண்டு கையாலும் குத்தினார். “எனக்கு மட்டும் யாருய்யா சொன்னது, சமையல்காரனா?”

மேலே ஷூச் சத்தம் ஒரு அடி பின்வாங்கியது.

“என் காலைப் பாருங்க சார்,” என்றாள் தையல்காரம்மாள். இப்போது இனிப்பு இல்லை. “மெஷினை மிதிச்சு மிதிச்சு யானைக் காலாப் போச்சு. சாயங்காலம் மாடியில கொஞ்சம் நடக்கட்டுமான்னு உங்ககிட்ட வந்து கேட்டேன். தாளைப் படிக்கலையான்னு கேட்டீங்க. இப்ப நான் கீழ்ப்படியில நின்னு ஒரு சத்தம் போட்டேன்னா அத்தனை டிவியும் நின்னுடும். போடட்டுமா?”

“வேண்டாம்மா. என்ன செய்யணும், சொல்லுங்க.”

“மொதல்ல அந்தப் பெரியவரை வெளிய விடுங்க. நாள் பூரா என் தலை மேலயே மிதிக்கறார்.”

மகள் வேலையிலிருந்து வந்தபோது செக்ரட்டரி பூட்டின கதவுக்கு முன்னால் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு படி கீழே தையல்காரம்மாள் காவல் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

“கதவைத் திறம்மா. அப்பா நடக்கட்டும். மொட்டை மாடியில, வயசானவங்க மட்டும், தள்ளித் தள்ளி...”

“நீங்கதானே சார் பூட்டச் சொன்னீங்க?” மகள் சாவியை எடுக்காமல் நின்றாள். “வீட்டுக்காரருக்கு போன் போட்டதும் நீங்கதானே? இப்பவே என் முன்னால போடுங்க. புகார் ஒண்ணும் இல்லைன்னு சொல்லுங்க. அப்புறம் திறக்கறேன்.”

போட்டார். சொன்னார். அவள் திறந்தாள்.

“மேல ஆள் நடக்குதுன்னு ஏம்ப்பா என்கிட்ட சொல்லல?” என்று உள்ளே வந்ததும் கேட்டாள்.

“சொல்லியிருந்தா நம்பியிருப்பியா? நீலக் கையைப் பார்த்தவ நீ.”

அவள் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை ஓங்கி ஓங்கி வைத்தாள். கட்டிலைப் பழைய இடத்துக்கு நகர்த்தவில்லை.

மறுநாள் சாயங்காலம் தையல்காரம்மாள் படியில் நின்று ரவுண்டின் வாசலில் ஒரு துணிப்பையை வீசினாள். தலையணை உறை மாதிரி இருந்தது, வாய்ப்பக்கம் நாடா. “வலது கையை உள்ள விட்டு நாடாவை இழுத்துக் கட்டுங்க. அது இல்லாம என் மாடியைத் தாண்டினா அப்புறம் பாருங்க.”

“நான் என்ன கடிநாயா, வாய்மூடி போடறதுக்கு?”

“உங்க கைக்குத்தான். வாய்க்குப் போடணும்னா அதுவும் தைச்சுத் தரேன்.”

கட்டிக்கொண்டார். கட்டாமல் என்ன செய்வார்?

மொட்டை மாடியில் மூன்று பேரும் நடந்தார்கள். செக்ரட்டரி தண்ணீர்த் தொட்டிப் பக்கம், தையல்காரம்மாள் துணி காயப்போடுகிற கம்பியோரம், ரவுண்டு தெருவைப் பார்த்த சுவரோரம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. செக்ரட்டரி வேகமாகப் போனால் ரவுண்டும் வேகமாகப் போனார். ரவுண்டு நிற்கிற மாதிரி தெரிந்தால் அந்த அம்மாள் வேண்டுமென்றே இன்னொரு நடை நடந்தாள். யாரும் யாரையும் மன்னிக்கவில்லை. ஆனால் முட்டி மடங்கியது. படி இறங்கும்போது ரவுண்டு கைப்பிடிச் சுவரைத் தொடவில்லை. தொட்டால் பின்னால் வருகிற இரண்டு பேரும் பார்த்துவிடுவார்களே!

செக்ரட்டரி மொட்டை மாடிக் கதவைப் பூட்டினார். ரவுண்டுக்குப் பின்னால் பூட்டை இழுக்கிற சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தன் வீட்டையும் தாண்டி இன்னும் ஒரு மாடி இறங்கினார். காலுக்கு இன்னும் ஆசை இருந்தது. நடையில் போனபோது பைக்குள் இருந்த கை நீண்டு ஒரு கைப்பிடியில் பொத்தென்று இடித்து நின்றது.

“பார்த்தேன்,” என்றது பின்னாலிருந்து தையல்காரம்மாளின் குரல்.

“பூட்டித்தான் இருக்கு,” என்றார் ரவுண்டு, திரும்பாமல்.

“தெரியும். நான்தானே பூட்டினேன். நகருங்க, நான் உள்ள போகணும்.”